லூயி ஃபூயாத்தின் தொடர்ப்படங்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மௌனப்படங்கள் பற்றி எழுதியபோது பிரெஞ்சு இயக்குநர் லூயி ஃபூயாத்தை அமெரிக்க இயக்குநர் கிரிஃபித்துக்கு நிகராக வைத்திருந்தீர்கள். அதை நம்பி ‘லே வாம்பீர்’ தொடரின் முதல் மூன்று பகுதிகளைப் பார்த்தேன். காமிரா நட்ட இடத்தில் நிற்கிறது. கதையோ கொள்ளை, கடத்தல், மாறுவேடம். கூட்டம் சேர்க்க எடுத்த சரக்கு என்றே தோன்றியது. இதில் கலை எங்கே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கூட்டம் சேர்க்க எடுத்ததுதான், சந்தேகமே இல்லை. பாத்தே என்ற போட்டிப் பட நிறுவனம் ஓர் அமெரிக்கத் தொடரை இறக்கப்போகிறது என்று தெரிந்ததும், முந்திக்கொள்ள ஃபூயாத்தின் கோமோன் நிறுவனம் 1915 நவம்பரில் அவசரமாக வெளியிட்டது இது. மொத்தம் 10 பகுதிகள், கிட்டத்தட்ட 7 மணி நேரம்.

ஆனால் எடுத்தவர் கைதேர்ந்தவர். தென்பிரான்ஸின் லூனெல் ஊர்க்காரர். கோமோனில் கதை எழுத வந்தவர். அங்கே படத் தயாரிப்புக்குத் தலைவியாக இருந்த ஆலிஸ் கீ 1907இல் அமெரிக்கா கிளம்பியதும் அவருடைய பொறுப்பு இவரிடம் வந்தது. 1925இல் இறப்பதற்குள் 600க்கும் மேல் படங்கள், பெரும்பாலும் சிறியவை.

காமிரா அசையாததால்தான் அதன் முன்னால் இருக்கும் இடம் முழுவதையும் அவர் பயன்படுத்துகிறார். ஐந்தாம் பகுதியில் ஒரு நள்ளிரவு விருந்து வரும். பூட்டிய கூடத்தில் மயக்கப்புகை பரவுகிறது. பட்டும் நகையுமாக வந்த சீமான்கள் கதவுக்கு முண்டியடித்து, ஒருவர்மேல் ஒருவராகச் சரிகிறார்கள். அப்புறம் வாம்பீர் என்ற கொள்ளைக்கூட்டத்தின் கறுப்பு உடைக்காரர்கள் உள்ளே வந்து நகைகளை அள்ளுகிறார்கள். வெளியே உலகப்போர் நடந்துகொண்டிருந்த வருடம் அது. நடிகர்களைப் பட்டாளம் கூப்பிட்டுக்கொள்ளும், முழுத் திரைக்கதை கையில் கிடையாது, பாரிஸ் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. அந்தத் தெருக்களிலேயே போய் எடுத்தார். அதனால்தான் எவ்வளவு அபத்தமான கதையும் அங்கே நிஜமாகப் பயமுறுத்துகிறது.

அன்றைய விமர்சகர்களும் உங்களைப் போலவே முகம் சுளித்தார்கள். குற்றவாளிகளைக் கவர்ச்சியாகக் காட்டுகிறது என்று காவல்துறை கொஞ்ச நாள் தடைகூடப் போட்டது. அடுத்து, நியாயத்துக்காகப் பழிவாங்கும் நாயகனை வைத்து ‘ஜூடெக்ஸ்’ எடுத்தார். அழகான படம்தான், எனக்கு முந்தையதன் வேகமே பிடிக்கும். பிரெத்தோன், அரகோன் போன்ற இளங்கவிஞர்கள் கொண்டாடியதும் முந்தையதைத்தான்.

மிச்சம் ஏழு பகுதிகளையும் பாருங்கள். அதற்குமுன் 1913இல் அவரே எடுத்த ‘ஃபாண்டோமாஸ்’ குற்றப்பட வரிசையின் இரண்டாம் படத்தைத் தேடிப் பிடியுங்கள். பாரிஸின் பெர்சி படித்துறையில், வரிசையாக அடுக்கிய மதுப் பீப்பாய்களுக்கு நடுவே ஒரு துப்பாக்கிச் சண்டை இருக்கிறது. பார்த்துவிட்டு எழுதுங்கள்.