ஜெர்மானிய நீள்வாள் வித்தையை இன்று கற்றுக்கொள்ள முடியுமா? எதிலிருந்து தொடங்குவது?

கேள்வியின் கீழே நீங்கள் ஒரு திட்டமும் எழுதியிருக்கிறீர்கள்: லாங்ஸ்வோர்ட் எனப்படும் இருகை நீள்வாளின் ஐந்து ‘ரகசிய வெட்டுகளை’ வீடியோ பார்த்து வீட்டிலேயே பழகிவிட்டு, அப்புறம் யாருடனாவது மோதிப் பார்ப்பது.

கற்றுக்கொள்ள முடியும். ஜெர்மனிக்கு வேலைக்கு வந்த பிறகுதான் நானும் ஆரம்பித்தேன். வேலை முடிந்த மாலைகளில் ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் எங்கள் சங்கம் கூடுகிறது. ஆனால் உங்கள் திட்டத்தின் வரிசை எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த ஐந்து வெட்டுகளும் காற்றில் வீசும்போது அழகாக வரும். எதிரே ஒருவர் வாளோடு வந்து நின்றால் ஒன்றும் வராது. இரண்டு வாள்களும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் கணம் ஒன்று உண்டு, பைண்ட் என்போம். இந்த வித்தையின் முக்கால்வாசி அங்கேதான் நடக்கிறது. வீடியோவில் அது கண்ணுக்கே தெரியாது.

முதலில் கொஞ்சம் வரலாறு, ஏனென்றால் கற்கும் முறையே அதைப் பொறுத்ததுதான். 14ஆம் நூற்றாண்டில் யோஹானஸ் லீக்டனாவர் என்ற ஆசான் தன் வித்தையை எதுகைப் பாட்டாகக் கட்டி வைத்தார். வெளியாட்களுக்குப் புரியக் கூடாது என்று வேண்டுமென்றே பூடகமாகக் கட்டிய வரிகள் அவை. பின்னால் வந்தவர்கள் அதற்கு உரை எழுதினார்கள். ரிங்கெக் என்பவரின் உரை டிரெஸ்டனில் இருக்கிறது. 1452ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்று ரோமில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பழையதாகக் கருதப்படுவது நியூரம்பெர்க்கில் உள்ளது. அது தனி வாள் நூல்கூட இல்லை. இரும்பைக் கடினப்படுத்தும் முறை, மருந்துக் குறிப்பு என்று கண்டதையும் எழுதி வைத்த ஒரு வீட்டுக் குறிப்பேடு. வாள்சண்டையைக் கையால் காட்டுவது போலச் சொல்லால் விளக்க முடியாது என்று அதை எழுதியவரே ஒப்புக்கொள்கிறார்.

அந்தக் ‘கையால் காட்டுவது’தான் அறுந்துபோன சங்கிலி. 1487இல் பேரரசர் மூன்றாம் ஃபிரெட்ரிக்கிடம் உரிமைப் பத்திரம் வாங்கிய மார்க்ஸ்ப்ரூடர் என்ற வாள் வீரர் சங்கம் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஆட்களைச் சோதித்து ஆசான் பட்டம் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. இன்று அப்படி ஆசானிடமிருந்து மாணவனுக்கு நேரடியாக வந்த பரம்பரை கிடையாது. இப்போது ஹெமா (பழைய ஐரோப்பியப் போர்க்கலைகள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற பெயரில் நடப்பதெல்லாம் சுவடிகளைப் படித்து, ஆடிப் பார்த்து, திருத்தி மீட்டெடுத்தவை. அதனால் ஒரே வெட்டை இரண்டு சங்கங்கள் இரண்டு விதமாகச் சொல்லித் தந்தால் மிரள வேண்டாம். எந்த வரியை வைத்து அப்படிச் செய்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். மூலப் பிரதிகளும் ஆங்கில மொழிபெயர்ப்புகளும் விக்டனாவர் என்ற தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

சரி, வித்தைக்கு வருவோம். முதலில் சொல்லித் தருவது நடை. வலது பக்கத்திலிருந்து வெட்டினால் வலது கால் வெட்டைப் பின்தொடர்ந்து போக வேண்டும், போகாத வெட்டு பொய் வெட்டு என்கின்றன பழைய உரைகள். புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். காலை முதலில் வைத்துவிட்டு அப்புறம் கையை நீட்டுவார்கள். வாள் போய்ச் சேரும் முன்பே தலை எதிராளியின் எல்லைக்குள் போயிருக்கும். வாள், கை, கால் என்ற வரிசை உடம்பில் ஊறச் சில மாதங்கள் பிடிக்கும். அலுப்பான வேலைதான், தாண்டிப் போக வழியில்லை.

அடுத்தது நீங்கள் கேட்ட ஐந்தில் முதலாவதான ட்ஸோர்ன்ஹாவ். கோபத்தில் எவனும் தன்னாலே அடிக்கும் வெட்டுதான் இது: வலது தோளிலிருந்து குறுக்காகக் கீழே. எதிராளி உங்கள் தலையைப் பார்த்து மேலிருந்து வெட்டுகிறார் என்று வையுங்கள். நீங்களும் அதே நேரத்தில் வலப்பக்கமிருந்து அடியெடுத்து வெட்டுகிறீர்கள். அவருடைய வாளைக் குறி வைக்கக் கூடாது, ஆளைத்தான் குறி வைக்க வேண்டும். வாள்கள் நடுவில் தானாகச் சந்திக்கும். சரியாகச் செய்திருந்தால் உங்கள் வாளின் நுனி அவர் முகத்துக்கு நேராக நிற்கும். இனிமேல்தான் விஷயம்.

அவர் வாள் தளர்ந்து நின்றால் அப்படியே நேராக முகத்தில் குத்து. வேறு ஒன்றும் தேவையில்லை. குத்து வருவதை உணர்ந்து அவர் உங்கள் வாளைப் பலமாகப் பக்கவாட்டில் தள்ளினால், எதிர்த்துத் தள்ளாதீர்கள். அவர் அலகை ஒட்டியே மேலே உருவிக்கொண்டு மறுபக்கம் தலையில் வெட்டு. தள்ளாமல் பலமாகப் பிடித்துக்கொண்டு நின்றால் கைகளை உயர்த்துங்கள். உங்கள் வாளின் அடிப்பகுதி அவர் வாளின் நுனிப்பகுதி மேல் ஏறும்படி திருகி, மேலிருந்து குத்துங்கள். வின்டன் என்ற திருகல் இதுதான். கைப்பிடியிலிருந்து அலகின் பாதிவரை பலமான பகுதி, அங்கிருந்து நுனிவரை பலவீனமான பகுதி. நுனிப்பக்கத்தை வைத்துக்கொண்டு எதிராளியின் அடிப்பக்கத்தை எந்தப் பயில்வானாலும் தள்ள முடியாது. இது வெறும் நெம்புகோல் கணக்கு.

மூன்றில் எதைச் செய்வது என்று கண் பார்த்து முடிவு செய்ய நேரமே இருக்காது. பட்டம் விடும்போது நூலின் இழுவை விரலுக்குத் தெரிகிற மாதிரி, அவர் தளர்ந்திருக்கிறாரா முறுக்கியிருக்கிறாரா என்பது அலகு வழியாக உள்ளங்கைக்கு வர வேண்டும். இதைத்தான் ஃபியூலன் என்கிறார்கள். அவர் ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்போதே, முடிக்க விடாமல், உங்களுடையதைச் செய்வது இண்டெஸ். இந்த இரண்டும்தான் வாள்சண்டையின் ஆகப் பெரிய கலை என்று அந்த 1452 பிரதியே சொல்கிறது. இதற்கு நாங்கள் செய்யும் ஒரு பயிற்சி: இருவரும் முகக்கவசத்தோடு பைண்டில் நிற்போம், ஒருவர் கண்ணை மூடிக்கொள்வார், மற்றவர் தளர்த்துவார், அழுத்துவார் அல்லது சட்டென்று வாளை எடுத்துவிடுவார். கண் மூடியவர் பொருத்தமான பதிலை மெதுவாகச் செய்ய வேண்டும். பார்க்க ஒன்றும் சுவாரசியமாக இருக்காது. என்னைக் கேட்டால் முதல் வருடத்தின் மிக முக்கியமான பயிற்சி இதுதான்.

காப்பு நிலைகள் நான்கு: வாளைத் தோளிலோ தலைக்கு மேலோ வைத்திருக்கும் ஃபொம் டாக், தலையோரம் மாட்டின் கொம்பு போல நுனியை நீட்டும் ஒக்ஸ், இடுப்பருகிலிருந்து நுனியை நீட்டும் ப்ஃலூக், நுனியைத் தரைப்பக்கம் தாழ்த்திய ஆல்பர். இவற்றை ஒரே மாலையில் கற்றுக்கொள்ளலாம். சிலைபோல அவற்றில் நிற்பதற்கு மெனக்கெடாதீர்கள்.

நீங்கள் கேட்ட ஐந்தில் மீதி நான்கும் இந்தக் காப்புகளுக்கான பதில்கள். க்ரும்ப்ஹாவ் ஒக்ஸை உடைக்கும், ட்ஸ்வெர்ஹாவ் ஃபொம் டாக்கை, ஷீல்ஹாவ் ப்ஃலூக்கை, ஷைட்டல்ஹாவ் ஆல்பரை. எதிராளி என்ன செய்கிறார் என்று தெரியாமல் இவற்றைத் தனியே பழகுவது ஏன் பயனில்லை என்பது இப்போது புரிந்திருக்கும். ஷைட்டல்ஹாவின் சூத்திரம் மிக எளிது. தோள் உயரத்தில் நேராக நீட்டிய கைதான் அதிக தூரம் எட்டும். நுனியைத் தாழ்த்தி நிற்பவர் கீழே குறி வைத்து வருவதற்குள் மேலிருந்து வரும் உங்கள் வாள் அவரைத் தொட்டுவிடும். ட்ஸ்வெர்ஹாவ் எனக்கு மிகவும் பிடித்தது. கட்டைவிரலை அலகின் தட்டைப்பக்கத்தில் அடியில் கொடுத்து, கைகளைத் தலைக்கு முன்னால் உயர்த்தி, படுக்கைவாட்டில் சுழற்றி, பின்பக்கக் கூரால் எதிராளியின் இடது காதோரம் அடிப்பது. மேலிருந்து வரும் அவர் வெட்டைக் கைப்பிடிக்கு மேலுள்ள குறுக்குக் கம்பி தாங்கிக்கொள்ளும். தடுப்பும் தாக்குதலும் ஒரே அசைவில் முடிந்துவிடும். கைகள் நான்கு விரல் தாழ்ந்தாலும் உங்கள் மண்டை திறந்து கிடக்கும் என்பது வேறு விஷயம்.

எந்த நூலைப் படிப்பது? ரிங்கெக் உரையிலிருந்து தொடங்குவதே என் கட்சி. சுருக்கமானது, ஒவ்வொரு வரியையும் ஆடிப் பார்க்கலாம். யோவாகிம் மையர் 1570இல் ஸ்ட்ராஸ்பர்கில் அச்சிட்ட பெரிய நூல் பாடப்புத்தகம் போல ஒழுங்காக, அழகான மரச்செதுக்குப் படங்களோடு இருக்கும். ஆனால் அவர் காலத்து ஜெர்மானியர் நீள்வாளில் குத்துவதைப் பெரும்பாலும் விட்டு, வெட்டு விளையாட்டாக ஆக்கியிருந்தார்கள். அதனால் இரண்டையும் முதல் நாளிலேயே கலக்க வேண்டாம். மையர் கதை கொஞ்சம் பாவம். தொழிலில் கத்தி செய்பவர். அந்தப் புத்தகத்தைப் போட்டுக் கடனாளியாகி, ஷ்வெரின் அரசவையில் வாள் ஆசான் வேலை கிடைத்து அவ்வளவு தூரம் போய், 1571 பிப்ரவரியில் அங்கேயே இறந்துவிட்டார். டால்ஹோஃபர் என்ற 15ஆம் நூற்றாண்டு வாள் ஆசானின் 1467 பிரதி படங்களுக்காகவே பார்க்க வேண்டியது. இடுப்பளவு குழியில் நிற்கும் கணவனும், துணியில் கல்லைக் கட்டிச் சுழற்றும் மனைவியும் வழக்கைத் தீர்த்துக்கொள்ள மோதும் சண்டைகூட அதில் உண்டு. நீள்வாள் கற்க அது மட்டும் போதாது, படத்துக்குக் கீழே ஒரு வரிதான் இருக்கும்.

வாள் பத்து கிலோ இருக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். நீள்வாள் பெரும்பாலும் ஒன்றரைக் கிலோ சுற்றுவட்டாரம்தான், நீளம் 130 செ.மீ. அளவில். பயிற்சிக்கு ஃபெடர் என்ற வாளை வாங்குவோம். கூர் இருக்காது, அலகு வளையும், நுனி மழுங்கியிருக்கும். சங்கத்தில் ஆரம்பத்தில் இரவலாகவே கிடைக்கும், அவசரப்பட்டு வாங்காதீர்கள். நைலான் வாள் மலிவு, ஆனால் எஃகு போலப் பற்றாது, வழுக்கித் துள்ளும். பைண்ட் பழகவே லாயக்கில்லை. சொந்தமாக வாங்கும் நாள் வந்தால் கையுறைக்குத்தான் அதிகம் செலவிடுங்கள். இந்த விளையாட்டில் முதலில் அடிபடுவது விரல்தான். பிடரியையும் மூடும் முகக்கவசம், கழுத்துக்காப்பு, தடித்த சட்டை, முழங்கை முழங்கால் காப்பு, வாள் எல்லாம் சேர்த்தால் ஆயிரம் யூரோவைத் தொட்டுவிடும்.

போட்டிகளும் உண்டு. ஸ்வீடனின் கோத்தன்பர்கில் நடக்கும் ஸ்வோர்ட்ஃபிஷ் பேர்பெற்றது. போய்ப் பாருங்கள், ஆனால் அதற்கென்றே பயிற்சி எடுப்பவர்களைப் பார்த்து ஆரம்பத்திலேயே காப்பியடிக்காதீர்கள். கையை மட்டும் குறி பார்த்துத் தட்டிவிட்டு ஓடும் ஆட்டம் புள்ளி வாங்கித் தரும், பைண்டை மட்டும் கற்றுத் தராது. இருவரும் ஒரே நேரத்தில் அடிபடும் ‘டபுள்’ மலிந்த ஆட்டத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

எத்தனை மாதம் என்றால், ஒழுங்காகப் போனால் ஒரு வருடத்தில் ட்ஸோர்ன்ஹாவும் அதன் மூன்று கிளைகளும் பதற்றமில்லாத வேகத்தில் வரும். பக்கத்தில் சங்கமே இல்லையென்றால் ஒரு நண்பரைப் பிடியுங்கள். இரண்டு முகக்கவசம், நல்ல கையுறை, மரவாள் இரண்டு போதும். நடை, ட்ஸோர்ன்ஹாவ், கண்மூடிப் பயிற்சி, எல்லாமே பாதி வேகத்தில். மரவாள் வளையாது என்பதால் அதால் குத்தவே கூடாது. நுனியை எதிராளிக்கு ஒரு சாண் முன்பே நிறுத்திவிடுங்கள்.