கொள்ளு ரசத்தில் தோட்டத்துத் தழைகளை எப்போது சேர்ப்பது?

மாடித் தோட்டத்தில் பறித்த தூதுவளை, கற்பூரவல்லி, கொத்தமல்லி மூன்றையும் கொள்ளோடு சேர்த்துக் குக்கரில் வேகவைத்து மார்கழிக் குளிருக்கு ரசம் வைப்பதாகவும், அது கசந்து, நிறம் மங்கி, மணமே இல்லாமல் போவதாகவும் கோபிசெட்டிபாளையத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்.

தழைகளில் குறையில்லை, மூன்றையும் ஒரே நேரத்தில் போடுவதுதான் சிக்கல். இரவு முழுவதும் ஊறிய கொள்ளுகூடக் குழைவதற்குப் பல விசில்கள் ஆகும். மூடிய பாத்திரத்தில் அத்தனை நேரம் வெந்தால் எந்தப் பச்சை இலையும் பழுப்பேறிவிடும். புளியும் சேர்ந்தால் இன்னும் விரைவாக நிறம் மாறும். ஆகவே கொள்ளைத் தனியாக வேகவைத்து, அந்த நீரை வடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தூதுவளைக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். அதன் தண்டில் மட்டுமன்றி இலையின் நரம்புகளிலும் முள் இருப்பதால், நான்கு பேருக்குத் தேவையான ஒரு கைப்பிடி இலையை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து முள்ளைக் கிள்ளி எடுக்க வேண்டும். இந்த வேலையில் அவசரம் கூடாது. பிறகு ஒரு தேக்கரண்டி நெய்யில், சிறு தீயில், இலை நன்றாகச் சுருண்டு பச்சை வாடை போகும்வரை வதக்கி, மிளகு, சீரகம், பூண்டோடு அரைத்துக்கொள்ளுங்கள். வதக்காமல் அரைத்தால் கசப்பு துருத்திக்கொண்டு நிற்கும். நெய்யில் வதக்கினால் அது மட்டுப்பட்டு, கொள்ளின் மண் வாசனைக்கு இணையாக அமைந்துவிடும். சிறிது கசப்பு எஞ்சத்தான் செய்யும். அதையும் போக்க வெல்லம் சேர்ப்பதை நான் ஏற்பதில்லை. புளிக்கரைசல் பச்சை வாடை போகக் கொதித்தபின் இந்த விழுதையும் கொள்ளு நீரையும் ஊற்றி, நுரை கூடியதும் அடுப்பை அணைத்துவிடலாம்.

கற்பூரவல்லியின் இயல்பு வேறு. ஓமத்தில் உள்ள தைமாலும், அதோடு கார்வக்ராலும் இதன் மணத்துக்குக் காரணம். இரண்டும் எளிதில் ஆவியாகும் எண்ணெய்ப் பொருள்கள் என்பதால், கொதிக்கக் கொதிக்க ஆவியோடு போய்விடும். சமையலறை முழுவதும் மணத்து, ரசம் மட்டும் மணக்காமல் இருப்பது இதனால்தான். அடுப்பை அணைத்தபின் 2 இலைகளைக் கையால் கிள்ளிப் போட்டு, 5 நிமிடம் மூடி வையுங்கள். அதற்கு மேல் போட்டால் காரமான அந்த நெடி மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

கொத்தமல்லியின் தண்டைப் பூண்டோடு தட்டிச் சேர்க்கலாம், அது சூட்டைத் தாங்கும். இலையைக் கற்பூரவல்லியோடு கடைசியில் தூவினால் போதும். கறிவேப்பிலையைத் தாளிப்பில் போடுங்கள், அதன் மணம் சூடான எண்ணெயில் நன்றாக இறங்கும்.

இரவுக்கும் சேர்த்து ரசம் வைப்பவர்கள் பாதியைத் தழை சேர்ப்பதற்கு முன்பே தனியாக எடுத்து வைத்து, சூடாக்கும் வேளையில் புதிதாகப் பறித்த இலையைச் சேர்ப்பது நல்லது.