தட்டிப் பார்க்கலாமா, தொடாமல் விடலாமா: கத்தி, வாள் கேள்வி பதில்

கோத்தகிரியில் இருந்துகொண்டு கைவேலைக் கத்திகளைச் சேர்ப்பவன் நான். கேட்டவர்களுக்கு எல்லாம் ஒரே இடத்தில் பதில். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: புதிதாக அடித்து வாங்கியது வேறு, பழம்பொருள் வேறு. புதியதை எவ்வளவு வேண்டுமானாலும் சோதிக்கலாம். பழையதைச் சோதித்தால், சோதனை முடியும்போது பொருள் கெட்டிருக்கும்.

குன்னூரிலிருந்து: அண்ணா, சந்தையில் ஒரு கொடுவாள் வாங்கினேன். லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது என்றார்கள். காந்தம் நன்றாக ஒட்டுகிறது, அப்போது நல்ல எஃகுதானே?

காந்தத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது தம்பி, ஜன்னல் கம்பியும்தான் ஒட்டும். கிரைண்டர் இருந்தால் பிடிக்குப் பக்கத்தில் வெளியே தெரியாத ஒரு மூலையை லேசாகத் தொட்டுப் பொறியைப் பாருங்கள். சாதா இரும்பின் பொறி நீளமாக, நேராக ஓடி, அதிகம் கிளைக்காமல் அணைந்துவிடும்; கரி (கார்பன்) கூடுதலாக உள்ள எஃகின் பொறி நுனியில் மத்தாப்பூ போல வெடித்துக் கிளை பிரியும். ஸ்பிரிங் பட்டையில் கரி பொதுவாக 0.5 முதல் 0.6 சதவீதம், சாதா இரும்பில் 0.25க்கு உள்ளேதான். பக்கத்திலேயே ஒரு பழைய பட்டைத் துண்டை வைத்து ஒப்பிட்டால் கண்ணுக்குப் பிடிபடும். ஆனால் பட்டையில் அடித்தது என்பதால் மட்டும் அது நல்ல கொடுவாள் ஆகிவிடாது. தோய்ச்சல், அதாவது சிவக்கக் காய்ச்சி முக்கிக் கடினமாக்குவது, சரியில்லை என்றால் எந்த எஃகும் வெறும் இரும்புதான். அதற்கு அரத்தை எடுங்கள். கொடுவாளின் வாயில், அதாவது வெட்டும் விளிம்பில், வைத்து மெதுவாகத் தள்ளும்போது வெண்ணெயை வழிப்பதுபோல இறங்கினால் தோய்ச்சலே இல்லை. முழுக்க வழுக்கினால் கடினம் அதிகம், கல்லில் பட்டால் தெறிக்கும். கொடுவாளுக்கு அரம் கொஞ்சம் சிரமப்பட்டுக் கடிக்க வேண்டும், முதுகில் சுலபமாகக் கடிக்க வேண்டும்.

தாண்டிக்குடியிலிருந்து: காப்பித் தோட்டத்தில் கவாத்துக்கு வாங்கிய கத்தியின் வாய் சின்னச் சின்னதாக உதிர்கிறது. பட்டறைக்காரர் எங்கள் மரத்தைக் குறை சொல்கிறார்.

மரத்தின் மேல் தப்பில்லை. இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, உலையில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கியதோடு நிறுத்திவிட்டார்கள், அப்புறம் இளஞ்சூட்டில் வைத்து முறுக்கை, அதாவது மிஞ்சிய விறைப்பை, தளர்த்தவில்லை. துலக்கிய இரும்பைச் சூடேற்றினால் 230 டிகிரி அளவில் வைக்கோல் நிறமும், 280 அளவில் ஊதாவும், 300 அளவில் நீலமும் வரும். வெட்டுகிற கத்திக்கு ஊதாவை ஒட்டி நிறுத்துவதுதான் எனக்குப் பிடித்தது. இரண்டாவது காரணம், சாணை பிடித்தவர் வாயை மிக ஒல்லியாக இழைத்திருப்பார். இதைக் கண்டுபிடிக்க ஒரு பித்தளைக் கம்பியைப் பலகையில் பதித்து, வாயை அதன்மேல் சாய்த்து அழுத்திப் பாருங்கள். வாய் லேசாக நெளிந்து திரும்பி வந்தால் சரி. நெளிந்தது அப்படியே நின்றால் மென்மை. தெறித்தால் முறுக்கு அதிகம், பட்டறையில் திருப்பிக் கொடுங்கள். இதெல்லாம் தேறிய பிறகு காய்ந்த சீகை மரத்தின் கணுவில் நாலு போடு போட்டுப் பாருங்கள், அதற்கு மேல் பரீட்சை வேண்டாம். இன்னொன்று, மின்சாணையில் வாய் நீலமாகிவிட்டால் அந்த இடத்தில் தோய்ச்சல் போயிற்று. தண்ணீரில் நனைத்து நனைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.

உதகையிலிருந்து: கோத்தர்கள் செய்த கத்தி ஒன்று சேகரிப்புக்கு வேண்டும், கடைகளில் கிடைக்குமா சார்?

கோத்தர்கள் நீலகிரிப் பழங்குடியினர், ஏழு ஊர்க்காரர்கள். இரும்பு வேலை, தச்சு, மண்பாண்டம், இசை என்று பல கையாளர்கள். தோடருக்கும் படகருக்கும் குறும்பருக்கும் அரிவாளும் கோடரியும் கொடுத்து, தானியமும் நெய்யும் வாங்கிய காலம் ஒன்று இருந்தது. இப்போது உலை ஊதுபவர்கள் குறைவு. அதனால் சுற்றுலாக் கடையில் பளபளவென்று 'பழங்குடிக் கத்தி' என்று தொங்குவதை நான் வாங்கமாட்டேன். யார் அடித்தது, எந்த ஊர், எப்போது என்று விற்பவரால் சொல்ல முடிந்தால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டு இல்லாத கத்தி சேகரிப்பில் பாதிக் கத்திதான்.

கொடைக்கானலிலிருந்து: ஆன்லைனில் 'பழந்தமிழ் உருக்கு' என்று அலையலையாகக் கோலம் போட்ட கத்தி 4,000 ரூபாய்க்கு வருகிறது. வாங்கலாமா?

கத்தியாக வாங்கலாம், அந்தப் பெயரை நம்பி வாங்காதீர்கள். நம் ஊர் உருக்கு என்பது மூசையில் (உலோகம் உருக்கும் மண்குடுவையில்) இரும்பையும் கரிப்பொருளையும் அடைத்து உருக்கியது. சுமார் 1.5 சதவீதம் கரி. ஈரோடு பக்கம் கொடுமணல் அகழாய்வில் அதற்கான உலைச் சான்றுகள் கிடைத்திருக்கின்றன. இங்கிலாந்தில் மைக்கேல் ஃபாரடே 1819 வாக்கில் இந்த எஃகை ஆராய ஆரம்பித்தார். அதில் கோலம் உள்ளேயிருந்து உறைந்து வருவது. உங்களுக்கு வருவது அனேகமாக இரண்டு எஃகை மடித்து மடித்து ஒட்டியது. அதுவும் நல்ல வேலைதான், பெயர்தான் வேறு. இதைவிட மோசம், மேலே மட்டும் லேசரில் கீறிய கோலம். ஒரு ஓரத்தை நுண்ணிய உப்புத்தாளில் தேய்த்துக் கோலத்தை அழித்துவிட்டு, எஃகை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் நனையுங்கள். கையுறை கட்டாயம். கோலம் திரும்பி வந்தால் அது எஃகுக்குள் இருப்பது.

கூடலூரிலிருந்து: தாத்தா வீட்டில் ஒரு வாள் இருக்கிறது, உலோகப் பிடி. வளைத்துப் பார்த்தால் தரம் தெரியும் என்கிறார் மாமா. துருவையும் நீக்கலாமா?

மாமாவிடமிருந்து முதலில் வாளை வாங்கி வையுங்கள். அப்படிப்பட்ட பிடிகள் பலவற்றில் உள்ளே அரக்கு ஊற்றித்தான் அலகைப் பிடித்திருப்பார்கள். காலம் போன அரக்கு வீச்சில் விட்டுவிடும், அலகு எங்கே பறக்கும் என்று யாருக்குத் தெரியும்? வளைக்க வேண்டாம், வெயிலில் காயவைக்க வேண்டாம், வெந்நீரில் ஊற வைக்க வேண்டாம். செந்துருவை எண்ணெய் தொட்ட மெல்லிய துணியால் எடுங்கள், கறுத்த படலத்தை விட்டுவிடுங்கள். பளிச்சென்று தேய்த்த பழைய வாளுக்குச் சேகரிப்பாளர்களிடம் மதிப்புக் கிடையாது. நூறு வருடத்துக்கு மேற்பட்டது என்றால் 1972 ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தொல்பொருள், வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் ஆனதாக இல்லாவிட்டால் ஆயுத விதிகளின் பட்டியலில் வரும். உங்கள் பகுதிக்கு உரிமம் தேவையா என்று காவல் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோத்தகிரி பக்கத்துக் கிராமத்திலிருந்து: தேயிலைக்குக் குழி தோண்டும்போது கல்வட்டத்துக்குள் துருப்பிடித்த ஈட்டி முனை ஒன்று கிடைத்தது. கழுவிவிட்டேன்.

மேற்கொண்டு கழுவாதீர்கள். தோண்டுவதையும் நிறுத்துங்கள். நீலகிரியின் முதல் ஆணையர் பிரீக்ஸ் இப்படிப்பட்ட கல்வட்டங்களை, அதாவது பழங்கால ஈமச்சின்னங்களை, தோண்டி எடுத்தார்; அது அவர் இறந்த பிறகு 1873 இல் புத்தகமாக வந்தது. பொருள்கள் அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்டன, மண்ணில் அவை கிடந்த விதம் போனது போனதுதான். 1878 புதையல் சட்டப்படி மண்ணில் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கிடந்த இடத்தைப் படம் எடுத்து வைத்துவிட்டு மனு கொடுங்கள்.

குன்னூரிலிருந்து ஒரு அக்கா: மழைக்காலத்தில் எதைப் பூசினாலும் துரு வருகிறதே? நீலகிரித் தைலம் பூசலாமா?

தைலம் வேண்டாம் அக்கா. பழைய பிசினை எடுக்க உதவும், பூசிய கொஞ்ச நேரத்தில் ஆவியாகிவிடும். தேங்காய் எண்ணெய் நம் குளிரில் உறைந்து திட்டுத்திட்டாக நிற்கும். வாசனை இல்லாத தையல் மிஷின் எண்ணெய் போதும், மெல்லிய பூச்சாக. தோல் உறைக்குள் வைக்காதீர்கள், ஈரத்தைப் பிடித்து வைக்கும். சமையல் கத்தியாக இருந்தால் கடுந்தேநீரில் ஒரு இரவு ஊறப்போடுங்கள். தேயிலைச் சாறு இரும்போடு சேர்ந்து கறுத்த படலமாகும், துரு மெதுவாகத்தான் வரும். பிடி மட்டும் வெளியே இருக்கட்டும்.