அப்பாவின் பழைய ரைஃபிள்: எந்த ஊர், எந்தக் காலம்?

கேள்வி: ரைஃபிள் கிளப்பில் இலக்குச் சுடுதலுக்காக என் தந்தை வைத்திருந்த .22 துப்பாக்கி எங்களிடம் இருக்கிறது. அவர் அண்மையில் காலமானார். அடியிலுள்ள நெம்புகோலை இறக்கினால் பின்பக்கம் திறக்கும். ஒரு நேரத்தில் ஒரு தோட்டாதான். பக்கவாட்டில் மூன்று துப்பாக்கிகளைக் கூம்பாகச் சாய்த்து நிறுத்திய முத்திரை. பேரலில் 'ரோடா, கல்கத்தா' என்ற பெயரும், கிரீடத்துக்குக் கீழே பி.வி., பி.பி., என்.பி. என்ற எழுத்துகளும் உள்ளன. இது கல்கத்தாவில் செய்ததா? எந்த ஆண்டு?

பதில்: முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். உரிமம் உங்கள் தந்தையின் பெயரில் இருந்தது. அவர் இல்லாத நிலையில் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்க அது போதாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ தாமதிக்காமல் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். வியாபாரியிடம் கொடுப்பதில் ஒரு வசதி உண்டு. நான் கீழே சொல்லும் சோதனைகளை அவருடைய ஆர்மரரே (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) செய்துவிடுவார்.

இனி துப்பாக்கிக்கு வருவோம். இது கல்கத்தாவில் பிறந்ததல்ல. மூன்று துப்பாக்கி முத்திரை இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ், அதாவது பி.எஸ்.ஏ. நிறுவனத்துடையது. 1861இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் ஆலை ஸ்மால் ஹீத் பகுதியில் இருந்தது. ரோடா இறக்குமதி செய்து விற்ற கடை. 1914 ஆகஸ்டில் வங்கப் புரட்சியாளர்கள் 50 மவுசர் பிஸ்டல்களைக் கைப்பற்றினார்களே, அந்தச் சரக்கு இதே ரோடாவுக்கு வந்ததுதான். மான்டன் போன்ற கல்கத்தா கடைகளும் தங்கள் பெயரை இப்படிப் பொறித்தே விற்றன. அந்தப் பெயரை வைத்து உள்நாட்டுத் தயாரிப்பு என்று எண்ணிவிடுவோர் நிறையப் பேர்.

நெம்புகோல் அமைப்புக்கு மார்டினி என்று பெயர். பிரிட்டிஷ் ராணுவம் 1871இல் ஏற்ற மார்டினி-ஹென்றி ரைஃபிளின் இயக்கம் இது. தென்னாப்பிரிக்காவில் நடந்த 1899-1902 போயர் போரில் தங்கள் வீரர்களின் குறி பிசகியதைக் கண்டு பிரிட்டன் கலங்கியது. ஊருக்கு ஊர் .22 சுடும் கிளப்புகள் முளைத்தன. 1901இல் அவற்றுக்கென ஒரு சங்கமே அமைந்தது. அந்தத் தேவைக்காகத்தான் பி.எஸ்.ஏ. மார்டினி இயக்கத்தைச் சின்ன உருவில் செய்தது. முதல் உலகப் போருக்கு முன் மாடல் 12, இரு போர்களுக்கு இடையே மாடல் 15, 1930களின் இறுதியில் 12/15, 1950இல் கனமான பேரலோடு இன்டர்நேஷனல் என்பது அதன் வரிசை. நடுவில் 1940 நவம்பர் 19 அன்று ஜெர்மானியக் குண்டுவீச்சில் ஆலை சிதைந்தது. 53 தொழிலாளர்கள் இறந்தனர். போருக்கு முந்தைய துப்பாக்கி என்றால் ஆலையின் ஏடுகளை நம்பியிராமல் இரும்பைப் படிப்பதே மேல்.

இரும்பில் முதலில் படிக்க வேண்டியவை நீங்கள் குறிப்பிட்ட எழுத்துகள்தான். அவை 1813இல் தொடங்கிய பர்மிங்ஹாம் ப்ரூஃப் ஹவுஸின் சோதனை முத்திரைகள். அளவுக்கு மீறிய வெடிமருந்தை வைத்துச் சுட்டுப் பார்த்து, பேரல் தாங்கிய பிறகே முத்திரை விழும். கிரீடத்தோடு கூடிய பி.வி., பி.பி., என்.பி. மூன்றும் 1904 முதல் 1954 வரையிலான விதிகளைச் சேர்ந்தவை. அதன்பின் வந்தவற்றில் பி.என்.பி. என்ற ஒரே முத்திரை இருக்கும். என்.பி. இருப்பதால், இன்றைய தோட்டாக்களில் உள்ள புகையில்லா மருந்துக்கும் சோதித்த பேரல் உங்களுடையது. கருமருந்துக்கு மட்டும் சோதித்த துப்பாக்கியில் இன்றைய தோட்டாவைப் போடவே கூடாது.

இவ்வளவை மட்டும் வைத்து ஆண்டைச் சொல்லிவிட மாட்டேன். இலக்குத் துப்பாக்கியின் பேரல் தேய்ந்தால் மாற்றுவார்கள். குறிபார்க்க உதவும் சைட்டை ஆளுக்கு ஆள் மாற்றுவார்கள். பேரலுக்கு ஒரு வயது, அது பொருந்தியுள்ள சட்டகத்துக்கு ஒரு வயது என்பது சகஜம். ஆகவே பேரலுக்கு அடியிலுள்ள முன்கட்டையை ஆர்மரரிடம் கழற்றச் சொல்லி, சட்டகத்தில் உள்ள முத்திரைகளையும் தனியே பாருங்கள். அங்கும் அதே மூன்று இருந்தால் இரண்டும் ஒரே காலத்தவை என்று கொள்ள இடமுண்டு. சட்டகத்தில் பழைய முத்திரைகளும் பேரலில் பி.என்.பி.யும் இருந்திருந்தால், 1954க்குப் பின் பேரல் மாறியது என்று உறுதியாகச் சொல்லியிருப்பேன்.

பேரலின் வாய்ப்பகுதியையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். துளையைச் சுற்றி மெல்லிய வளையக் கோடு தெரிந்தால், தேய்ந்த பேரலுக்குள் புதுக் குழாயைச் செருகியிருக்கிறார்கள். பர்மிங்ஹாமின் பார்க்கர்-ஹேல் இதைப் பெரிய அளவில் செய்தது; 'பார்க்கர்-ரைஃபிள்டு' என்ற பொறிப்பும் இருக்கலாம். அதே ஊரில் ஏ.ஜே. பார்க்கர் என்று வேறொரு சைட் கம்பெனியும் இருந்தது. சைட்டில் பார்க்கர் என்று கண்டால் எந்தப் பார்க்கர் என்று பாருங்கள். சைட்டை வைத்துத் துப்பாக்கியின் வயதைக் கணிக்க வேண்டாம்.

அடுத்தது நிறுவனத்தின் பெயர். 'பி.எஸ்.ஏ. கன்ஸ் லிமிடெட்' என்று பொறித்திருந்தால் 1919க்கு முந்தையதல்ல. அந்தத் துணை நிறுவனம் உருவானதே அந்த ஆண்டில்தான். கூடவே குறுக்கே வைத்த இரண்டு ஆயுதங்களும் ஓர் எழுத்தும் கொண்ட பொடி முத்திரை தென்படுகிறதா என்று தேடுங்கள். அந்த எழுத்து சோதனை நடந்த ஆண்டுக்குரிய குறியீடு. ஒரே எழுத்து பின்னொரு சுற்றில் மீண்டும் வரும் என்பதால் மற்ற முத்திரைகளோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். 'பளபளப்பாக்கித் தருகிறேன்' என்று யார் சொன்னாலும் உப்புத்தாள் போட விடாதீர்கள். முத்திரைகள் மழுங்கினால் வரலாறு போய்விடும். அடையாள எண் அழிந்தால் ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்கீழ் சட்டச் சிக்கலும் வரும். எண்ணெய் தொட்ட பருத்தித் துணி போதும்.

சட்டகத்தின் எண், பேரலின் அடிப்புறம், எல்லா முத்திரைகள் ஆகியவற்றைச் சாய்வான வெளிச்சத்தில் அண்மைப் படங்களாக எடுத்து அனுப்புங்கள். அவற்றோடு உங்கள் தந்தையின் பழைய உரிமப் புத்தகத்தையும் தேடி எடுங்கள். வாங்கிய தேதியும் யாரிடமிருந்து வாங்கினார் என்பதும் அதில் பதிவாகியிருந்தால், பர்மிங்ஹாமிலிருந்து உங்கள் வீடு வரையிலான வழியின் கடைசிப் பகுதி அதிலேயே கிடைத்துவிடும்.