வெற்றுத் தோட்டாவில் பளபளக்கும் வளையம்

வணக்கம். பழைய லீ-என்ஃபீல்டு நம்பர் 4 ரைஃபிள் வாங்கிச் சுட்டதில், சுட்டு முடிந்த வெற்றுத் தோட்டாக்கூடுகளின் அடிப்பக்கம் பளபளப்பாக ஒரு வளையம் தெரிகிறது என்றீர்கள். தயவுசெய்து இப்போதைக்கு அதில் சுடாதீர்கள். பித்தளை இழுபட்டு மெலிவதன் அடையாளம் அது. அடுத்த முறை கூடு அந்த இடத்திலேயே துண்டாகலாம், சூடான வாயு முகத்தில் அடிக்கும்.

மெல்லிய கம்பியின் நுனியை வளைத்து, தோட்டாக்கூட்டின் உள்சுவரை வருடுங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் சந்தேகமே இல்லை. எனக்கும் இப்படித்தான் ஆனது: போல்ட் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் பாகம்) கைப்பிடியின் பின்னால் இருந்த எண் ஒன்று, துப்பாக்கியின் உடலில் இருந்தது வேறு. அதாவது, அது வேறு துப்பாக்கியின் போல்ட். விற்றவர் சொல்லவேயில்லை. முதலில் அதைப் பாருங்கள்.

அப்புறம் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட் முகப்புக்கும் தோட்டா அமரும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை, அளக்கச் சொல்லுங்கள். அது அதிகமானால்தான் பித்தளை இப்படி இழுபடும். இந்த மாடலுக்கு போல்ட் தலை 0 முதல் 3 வரை நான்கு அளவில் உண்டு. பெரிய எண்ணுள்ள, நீளமான தலையை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.