அறை விளக்கு அணையும்வரை கீழேயே உட்கார்ந்திருக்கிறேன்

வணக்கம் ஐயா,

எனக்கு 33 வயது. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவன். ஜூரோங் தீவில் ஷிஃப்ட் வேலை. போன வருடம் தை மாதம் திருமணம் நடந்தது. மனைவிக்கு மன்னார்குடிப் பக்கம். பெரியவர்கள் பார்த்துச் செய்த கல்யாணம்தான். ஆனால் நிச்சயம் முடிந்ததிலிருந்து தினமும் வாட்ஸ்அப்பில் பேசிப் பேசி, எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது.

முதலிரவில் என்னால் முடியவில்லை. ஒரே அலுப்பு, கதவுக்கு வெளியே சொந்தக்காரர்களின் சிரிப்புச் சத்தம். "பரவாயில்லைங்க, தூங்குங்க" என்று அவள்தான் சொன்னாள். இங்கே வந்தபிறகும் அதே கதைதான். நெருங்கும்போது நன்றாகத்தான் இருக்கும். 'இன்றைக்காவது சரியாக வருமா' என்று நினைப்பேன், அந்த நொடியே எல்லாம் போய்விடும். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்த்துவிடும்.

அதற்கப்புறம் தப்பிக்க ஆரம்பித்தேன். இரவு ஷிஃப்டை நானே கேட்டு வாங்குகிறேன். பகல் ஷிஃப்ட் வாரங்களில் வேலை முடிந்து செங்காங் வந்தாலும் வீட்டுக்கு ஏறுவதில்லை. எதிர் புளோக் காப்பிக்கடையில் ஒரு தே ஓ வாங்கி வைத்துக்கொண்டு, ஒன்பதாவது மாடியில் எங்கள் அறை விளக்கு அணைகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அணைந்தாலும் உடனே போகமாட்டேன், அவள் தூங்கியிருக்க வேண்டுமே. இப்போதெல்லாம் அவள் கையைப் பிடிக்கவே பயம். பிடித்தால் அடுத்தது என்ன என்று எதிர்பார்ப்பாளோ என்று.

காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறது. தனியாக இருக்கும்போதும் குறை எதுவும் இல்லை. சின்ன வயதில் இருந்த கைப்பழக்கத்தால் நரம்புத் தளர்ச்சி வந்துவிட்டதோ என்று சந்தேகம். தமிழ்நாட்டுக்குப் போனபோது பஸ் ஸ்டாண்டுச் சுவரில் பார்த்த விளம்பரங்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வருகின்றன. கேலாங்கில் ரோட்டோரம் ஒருவரிடம் மாத்திரை வாங்கினேன். இன்னும் போடவில்லை, டிராயரில் இருக்கிறது.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது. பேரப்பிள்ளை வேண்டும் என்று வெள்ளிக்கிழமைதோறும் அவளை வீரமாகாளியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போகிறார். போன மாதம் ஒரு லேடி டாக்டரிடமும் கூட்டிப்போனார். அங்கேயும் அவள் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம், "என்னைப் பிடிக்கலையா? சொல்லிடுங்க, நான் ஊருக்குப் போயிடறேன்" என்றாள். நான் பதில் சொல்லாமல் குளிக்கப் போய்விட்டேன்.

நான் ஆண்மையில்லாதவனா, ஐயா?

பெயர் வேண்டாம், செங்காங்

அன்புத் தம்பிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை.

காலையில் விறைப்பு வருகிறது. தனியாக இருக்கும்போது சிக்கல் இல்லை. மனைவியோடு இருக்கையில் மட்டும், அதுவும் 'சரியாக வருமா' என்று யோசித்த பிறகு மட்டும் நின்றுபோகிறது. இரத்தக் குழாயும் நரம்பும் பெரும்பாலும் ஒழுங்காகவே வேலை செய்கின்றன என்பதற்கு நீங்களே சாட்சி எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். உங்களைப் பிடித்து ஆட்டுவது பயம்.

பயத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஆண்குறிக்குள் இரத்தம் பாய வேண்டுமென்றால் அங்கே இருக்கும் மெல்லிய தசைகள் தளர்ந்து வழிவிட வேண்டும். பயம் வந்தால் உடம்பில் அட்ரினலின் என்ற ஹார்மோன் ஏறும். அது அந்தத் தசைகளை இறுக்கும். உங்கள் நெஞ்சு படபடப்பதும் கை வேர்ப்பதும் அதே பயத்தின் வேலைதான். சண்டை போடவோ ஓடவோ தயாராக நிற்கிற உடம்பால் அதே நேரத்தில் கொஞ்ச முடியாது. 'இன்றைக்கு எப்படியாவது' என்று பல்லைக் கடித்தால் இன்னும் இறுகத்தான் செய்யும். பாலியல் சிகிச்சைக்கு அடித்தளம் போட்ட மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இருவரும் 1970-இல் வெளியிட்ட நூலில் உங்கள் நிலையை அப்படியே எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் துணையை மறந்துவிட்டு, தன் உடம்பு தேறுகிறதா இல்லையா என்று ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கும் நிலை அது.

பயம் ஆண்களை என்ன பாடு படுத்தும் என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு கதை உண்டு. 1967 அக்டோபர் கடைசியில், தடுப்பூசி போட்ட பன்றியின் இறைச்சியைச் சாப்பிட்டவர்களுக்கு ஆண்குறி சுருங்கி வயிற்றுக்குள் போய்விடும், உயிரே போய்விடும் என்று சிங்கப்பூர் முழுக்க வதந்தி பரவியது. உறுப்பைக் கையால் இறுகப் பிடித்தபடி ஆண்கள் மருத்துவமனைக்கு ஓடினார்கள். பதிவானவர்கள் மட்டும் 469 பேர். ஒருவருக்கும் எதுவும் உள்ளே போகவில்லை. மருத்துவர்கள் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் வந்து, இது வெறும் பயம் என்று பச்சையாக எடுத்துச் சொன்னார்கள். சில நாட்களில் கூட்டம் குறைந்து அடங்கியது. ஊரே வெளிப்படையாகப் பேசிய பிறகுதான் அந்தப் பயம் போனது என்பதைக் கவனியுங்கள்.

நரம்புத் தளர்ச்சி விஷயத்தை நீளமாகப் பேசத் தேவையில்லை. சுய இன்பத்தால் நரம்பு தளராது, விந்து வீணாகி ஆண்மை போகாது. விந்து போவதால் உடம்பே தேய்கிறது என்று கலங்கும் நம் பக்கத்து ஆண்களின் நிலைக்கு இந்திய மனநல மருத்துவர் என். என். விக் 1960-இல் 'தாத் நோய்' (தாத் என்றால் விந்து) என்று பெயரே வைத்தார். அங்கே நோயாக இருப்பது அந்தக் கவலை. நீங்கள் சுவரில் பார்த்த விளம்பரங்கள் அதை விற்றுத்தான் பிழைக்கின்றன.

அந்த மாத்திரையை இன்றைக்கே தூக்கிப் போட்டுவிடுங்கள். சும்மா மிரட்டவில்லை. 2008-இன் முதல் ஐந்து மாதங்களில், நீரிழிவே இல்லாத 150 பேர் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிச் சிங்கப்பூர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் ஆண்கள். திருட்டுத்தனமாக விற்கப்பட்ட ஆண்மை மாத்திரைகளில் கிளிபென்கிளமைட் என்ற நீரிழிவு மருந்து கலந்திருந்தது பிறகு தெரியவந்தது. நான்கு பேர் இறந்துபோனார்கள். உங்கள் டிராயரில் இருப்பதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்றவருக்கே தெரியாது.

இனி, உங்களை இத்தனை மாதமாகக் கட்டிப்போட்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காப்பிக்கடை. விளக்கு அணைந்ததும் உங்களுக்குள் ஒரு நிம்மதி வருமே, 'அப்பாடா, இன்றைக்குத் தப்பித்தோம்' என்று, அந்த நிம்மதிதான் நோயை வளர்க்கிறது. நாயைக் கண்டால் எதிர்ச் சாரிக்கு ஓடிவிடும் பிள்ளைக்கு, எல்லா நாயும் கடிக்காது என்று தெரிந்துகொள்ள வாய்ப்பே கிடைக்காது. ஓடியதால்தான் பிழைத்தோம் என்றே அது நம்பும். உங்கள் உடம்பும் அப்படித்தான் பாடம் படித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் முதலில் உடலுறவுக்கு மட்டும் இருந்த பயம், இப்போது கையைப் பிடிப்பதுவரை வந்து நிற்கிறது. விட்டால் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கும் பயம் வரும்.

ஆனால் தம்பி, உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது உங்கள் பயம் இல்லை. குறை உங்களிடம் இருக்க, மருத்துவர் முன்னால் போய் உட்கார்ந்தது உங்கள் மனைவி. சொந்தபந்தம் யாரும் இல்லாத ஊர், மாமியார் வீடு, 'விசேஷம் உண்டா' என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். இத்தனைக்கும் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. அப்படிப்பட்டவர், தன்னைப் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். உங்களுக்கு அவமானமாக இருக்கிறது, புரிகிறது. ஆனால் உங்கள் மௌனத்துக்கு விலை கொடுப்பவர் அவர். இது நியாயமே இல்லை.

அதனால் முதல் மருந்து, அவரிடம் சொல்வதுதான். படுக்கையில் வேண்டாம். புங்கோல் கடற்கரைப் பக்கம் நடக்கக் கூட்டிப்போங்கள். நடந்துகொண்டே பேசினால் முகம் பார்க்க வேண்டியதில்லை, வார்த்தை சுலபமாக வரும். "உன்னை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. கிட்ட வந்தா முடியாமப் போயிடுமோன்னு பயம். அதனாலதான் நைட் ஷிஃப்ட் கேட்டு வாங்கினேன். உன்மேல ஒரு குறையும் இல்ல." இவ்வளவு போதும். சொல்லி முடித்ததும் வேறு பேச்சுக்குத் தாவிவிடாதீர்கள். அவர் பேசட்டும்.

அப்புறம் இருவருமாக ஒரு முடிவு எடுங்கள்: இனிமேல் சில வாரங்களுக்கு உடலுறவே கிடையாது. வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் சிகிச்சையே இதுதான். தேர்வே இல்லை என்றால் தோல்வியும் இல்லை அல்லவா? அந்த நாட்களில் ஒருவர் மாற்றி ஒருவர் தொடுங்கள். முதலில் கை, தோள், முதுகு, தலைமுடி. மார்பும் பிறப்புறுப்பும் வேண்டாம். தொடும்போது தோலின் சூடு, மென்மை, எண்ணெய் வாசனை இவற்றில் மட்டும் மனதை வையுங்கள். 'வருகிறதா' என்று மனம் எட்டிப் பார்க்கும். பார்க்கட்டும், திட்டாமல் திரும்ப விரல் நுனிக்கே கூட்டிவாருங்கள். விறைப்பு வந்தாலும் எதையும் செய்யக்கூடாது. வந்து போகட்டும். போனது திரும்ப வரும் என்பதை உங்கள் உடம்பு பார்க்க வேண்டும். அடுத்த கட்டத்துக்கு எப்போது போவது என்பதை ஆலோசகர் ஒருவரோடு பேசி முடிவு செய்வது நல்லது. ஹாலில் அம்மா டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது இதெல்லாம் நடக்காது என்பது எனக்கும் தெரியும். ஷிஃப்ட் வேலையில் பகலில் கிடைக்கும் ஓய்வு நாள் உங்களுக்கு இங்கே கைகொடுக்கும். அம்மா கோயிலுக்குத் தனியாகவும் போய்வரலாம்.

இன்னொரு பக்கம், பாலிகிளினிக்கில் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நம்மவர்களிடம் நீரிழிவு அதிகம், விறைப்புக் குறைவு சில நேரம் அதன் முதல் அறிகுறியாக இருக்கும். இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு பார்க்கட்டும். வேறு மருந்து ஏதாவது சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்தே மருத்துவமனை நிபுணரிடம் அனுப்புவார்கள், மானியக் கட்டணத்தில் பார்க்கலாம். நம்பிக்கை வரும்வரை மருத்துவர் விறைப்புக்கு உதவும் சில்டெனாஃபில் போன்ற மாத்திரை எழுதிக்கொடுக்கலாம். அவர் பார்த்துத் தருவதை வாங்கிக்கொள்வதில் வெட்கம் எதற்கு?

அம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்க வேண்டியதில்லை. "டாக்டரைப் பார்க்க வேண்டியது நான்தான்மா, பார்த்துக்கிட்டு இருக்கேன். அவளை எங்கேயும் கூட்டிப்போகாதீங்க, எதுவும் கேட்காதீங்க" என்று சொல்லுங்கள். மனைவி பக்கத்தில் இருக்கும்போதே சொல்லுங்கள், அவர் காதில் விழ வேண்டும்.

உண்மை தெரிந்ததும் உங்கள் மனைவி அழலாம். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று சண்டை போடலாம். அவருக்கு அந்த உரிமை இருக்கிறது. பயிற்சிக்கு இப்போது மனமில்லை என்றால் அவசரப்படுத்தாதீர்கள். தமிழ் பேசும் பெண் ஆலோசகர் ஒருவரிடம் தனியாகப் பேச அவர் ஆசைப்பட்டால், நேரம் வாங்கிக்கொடுத்து, கூடவே போய் வெளியே காத்திருங்கள். அவர் உள்ளே என்ன பேசினார் என்று கேட்காதீர்கள்.