வாசகர் கேள்வி – பதில்: மலையை ஒட்டிப் பறக்கும் கிளைடர்

தேவகோட்டை வாசகி: என் மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். அங்கே ஒரு சங்கத்தில் கிளைடர் ஓட்டக் கற்றுக்கொண்டவன், இனி மலைச்சரிவை ஒட்டிப் பறக்கப் போவதாகச் சொல்கிறான். இன்ஜினே இல்லாத விமானத்தை மலைக்குப் பக்கத்தில் கொண்டுபோகலாமா? நல்ல அனுபவம் உள்ளவர்களும் விழுகிறார்களாமே?

பதில்: விழுகிறார்கள், அம்மா. மலையில் வந்து மோதும் காற்று சரிவோடு மேலே ஏறும். போதிய வலுவுள்ள அந்த ஏற்றத்துக்குள் இருக்கும்வரை கிளைடர் இறங்காது. உங்கள் மகன் இருக்கும் நாட்டில்தான், வாசர்குப்பே மலையில், 1922-இல் ஆர்தர் மார்டென்ஸ் ஒரு மணி நேரத்துக்கும் மேல் இப்படிப் பறந்தார்.

காற்று தளர்ந்தால் கிளைடர் முகட்டுக்குக் கீழே இறங்கத் தொடங்கும். சரிவுக்கு இன்னும் கிட்டப் போனால் ஏற்றம் கிடைக்குமே என்று விமானி ஒட்டிப் போகிறார். உயரமும் குறைந்துவிட்டது, விலகித் திரும்ப இடமும் குறைந்துவிட்டது. பலமுறை இப்படிப் போய் மீண்டு வந்தவருக்குத்தான் இந்தத் துணிச்சல் வரும். புதியவருக்குப் பயமே காவல்.

அங்கே கண்ணும் ஏமாற்றும். எதிரே உயர்ந்து நிற்கும் சரிவு உண்மையான அடிவானத்தை மறைத்துவிடுவதால், விமானி தன்னை அறியாமல் மூக்கைத் தூக்குகிறார், வேகம் குறைகிறது. காற்று சற்றுப் பின்னாலிருந்து வந்தால் தரை வேகமாக ஓடுவதுபோல் தெரியும். ‘வேகம் அதிகம்’ என்று நினைத்து இன்னும் குறைக்கிறார். மலைக்குப் பக்கத்தில் இறக்கையைச் சாய்க்கப் பயந்து, காலால் சுக்கானை அழுத்தியே திரும்பப் பார்த்தால் உள்பக்க இறக்கை முதலில் தூக்குவிசையை இழக்கும். கிளைடர் அந்தப் பக்கமாகச் சுழன்றபடி விழும். அதுதான் ஸ்பின். அதிலிருந்து மீள்வதற்குள் நூறு மீட்டருக்கு மேல்கூட உயரம் கரையலாம். சரிவுக்கு மேலே அவ்வளவு உயரம் அவரிடம் இருக்காது. கிளைடர் பக்கவாட்டில் சறுக்குகிறதா என்று காட்ட மூடிக் கண்ணாடியின் மேல் ஒட்டியிருக்கும் கம்பளி நூல் நேராக நிற்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதற்காகவே.

காரைக்குடி வாசகர்: சரிவில் பறக்கும்போது மலையை நோக்கித் திரும்பவே கூடாது என்கிறார்கள். வேகமாகத் திரும்பிவிட்டால் என்ன?

பதில்: கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். நேராகப் பறக்கையில் 70 கி.மீ. வேகத்தில் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும் கிளைடர் என்று வைத்துக்கொள்வோம். 45 டிகிரி சாய்ந்து திரும்பினால் அந்த வேகம் 83 ஆகிவிடும். 60 டிகிரியில் 99. அதனால் சரிவருகே ஒன்றரை மடங்கு, அதாவது 105 கி.மீ. வைத்துக்கொள்வது நல்லது. இந்த வேகத்தில் 45 டிகிரி சாய்வில் எதிர்த்திசைக்குத் திரும்ப 9 விநாடிக்குச் சற்று மேல் ஆகும், வளைவின் குறுக்களவு சுமார் 173 மீட்டர். மலையை நோக்கி மணிக்கு 36 கி.மீ. காற்று அடித்தால் அந்த நேரத்துக்குள் கிளைடரை 93 மீட்டர் தள்ளிவிடும். வெளிப்பக்கம் திரும்பினால் மலையிலிருந்து 80 மீட்டர் விலகியிருப்பீர்கள். மலைப்பக்கம் திரும்பினால் 266 மீட்டர் இடம் வேண்டும். வேகத்தைக் கூட்டினால் வளைவும் பெரிதாகும் என்பதை மறக்காதீர்கள். சரிவோரம் எட்டு போட்டுப் பறப்பது இதனால்தான். முழு வட்டமெல்லாம் முகட்டை விட்டு நன்றாக மேலே போன பிறகுதான்.

எதிரெதிரே இரண்டு கிளைடர் வந்தால், மலை யாருக்கு வலப்புறமோ அவர் நேராகப் போகலாம். அவரால் வலப்பக்கம் ஒதுங்க முடியாதே! மலையை இடப்புறம் வைத்திருப்பவர் வலப்பக்கமாக விலக வேண்டும்.

பள்ளத்தூர் வாசகர்: நம் குன்றக்குடி மலையிலோ பிரான்மலையிலோ இப்படிப் பறக்க முடியுமா?

பதில்: தனியாக நிற்கும் குன்று ஓடும் நீரில் நட்ட கல் மாதிரி. காற்று மேலே ஏறாமல் பெரும்பாலும் இருபுறமும் வழிந்து போய்விடும். பல கிலோமீட்டர் நீளமுள்ள மலைத்தொடர் வேண்டும், காற்றும் அதற்கு ஏறக்குறைய செங்குத்தாக அடிக்க வேண்டும். கிளைடர் பயிற்சி வேண்டுமென்றால் புனே ஹடப்சர் மையத்தைப் பற்றி விசாரியுங்கள்.

தேவகோட்டை வாசகியே மீண்டும்: அவனிடம் நான் என்ன கேட்கட்டும்?

பதில்: ‘பத்திரமாகப் போ’ என்றால் ‘சரிம்மா’ என்பான். அதைவிட, ‘எந்த உயரத்துக்குக் கீழே வந்தால் மலையை விட்டுவிடுவாய்?’ என்று கேளுங்கள். கிளம்பும் முன்பே அந்த எண்ணை முடிவு செய்திருக்க வேண்டும். மேலே போன பிறகு ‘இன்னும் ஒரே ஒரு திருப்பம்’ என்றுதான் மனசு சொல்லும். எந்த வயலில் இறங்குவான், அதில் மின்கம்பி போகிறதா, எதிர்காற்றில் அங்கே எட்டுமா என்றும் கேட்டுவிடுங்கள். ஏற்றம் நின்றால் காற்று வரும் திசையில் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும். முகட்டைத் தாண்டி மறுபக்கம் தாழ்வாகப் போனால் அங்கே காற்று கீழ்நோக்கி அமுக்கும், சுழலும் இருக்கும். சாயங்காலம் மேற்கு வெயில் எதிரே அடிக்கும்போது நிழல் விழுந்த சரிவு கண்ணுக்குத் தெரியாது. அந்த நேரம் விலகியே பறக்கட்டும். பக்கத்தில் வரும் கிளைடரைக் காட்டி எச்சரிக்கும் ஃப்ளார்ம் கருவி இருக்கிறது என்று சமாதானம் சொன்னால், அது இல்லாத கிளைடரை அது காட்டாது, முகடு மறைத்தால் இருப்பதையும் காட்டாமல் போகலாம் என்று சொல்லுங்கள்.